விட்டு வைத்த ஐந்து வரிசை

பிரெஞ்சில் "குல்த்யூர்" என்று ஒரு சொல் உண்டு. பயிர்த்தொழிலுக்கும் அதுதான் சொல், பண்பாட்டுக்கும் அதுதான் சொல். தமிழிலும் நிலத்தைப் பண்படுத்துகிறோம், மனிதனைப் பண்பட்டவன் என்கிறோம். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த நாளில், பூகோளப் பாடத்தில் "மொனோகுல்த்யூர்" என்ற சொல் வந்தது. ஒரே பயிரை ஊர் முழுக்க, நாடு முழுக்கப் போடுவது என்று பொருள். அதற்கு எங்களுக்குச் சொல்லப்பட்ட உதாரணம் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த "பிலோக்செரா" என்ற சிறு பூச்சி, திராட்சைக் கொடியின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமாகக் காய வைத்தது. மோன்பெலியே நகரத்துப் பிளாஞ்சோன் என்ற தாவரவியலார் 1868இல்தான் கொலைகாரனைக் கண்டுபிடித்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் நாட்டின் ஒயின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள்.

பாடத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. அதே கதையின் தமிழ்ப் பதிப்பு ஒன்று இருக்கிறது என்பது, குமாஸ்தா வேலை என்னைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் தெரிந்தது. தூத்துக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முத்தும் உப்பும் மக்ரூனும் நினைவுக்கு வரும். ஆனால் இந்தத் துறைமுகத்தை நூறு ஆண்டுக்கு மேல் வாழ வைத்தது பருத்தி.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் என்று விரியும் கரிசல் பூமி வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி இருப்பது. அந்த மண்ணில் விளைந்த பருத்திக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் சந்தையில் "டின்னவெலி" என்று பெயர். நம் திருநெல்வேலிதான். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து அங்கிருந்து பருத்தி வருவது நின்றபோது, இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. 1876இல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டது. பேட்டைகளில் குவிந்த பஞ்சை அமுக்கிப் பேல் கட்டித் தோணியில் ஏற்றி, கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட்ட கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். இங்கே கடல் ஆழம் குறைவு, அன்று கப்பல் கரைக்கு வர முடியவில்லை. 1888இல் ஹார்வி சகோதரர்கள் கோரல் மில்லை நிறுவினார்கள். 1908இல் அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான் வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். ஆக, நம் சுதந்திரப் போராட்டத்தின் ஒரு பக்கத்திலும் கரிசல் பருத்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"டின்னவெலி" என்பது ஒரே செடி அல்ல. கருங்கண்ணி என்றும் உப்பம் என்றும் இரண்டு நாட்டுப் பருத்திகளின் கலவை அது. தாவரவியல்படி இரண்டும் வேறு வேறு இனங்கள். விவசாயி இரண்டையும் ஒரே புஞ்சையில் கலந்து விதைத்தான். பல இடங்களில் ஊடுபயிராக உளுந்தும் கொத்தமல்லியும் இருக்கும். அடுத்த வருஷம் அதே நிலத்தில் கம்போ சோளமோ. மழை ஏமாற்றினால் ஒன்று போனாலும் ஒன்று கிடைக்கும். இதற்கு அவன் பெயர் எதுவும் வைக்கவில்லை. நாம் இன்று இன்ஷூரன்ஸ் என்கிறோம்.

வியாபாரிக்குக் கலவை பிடிக்காது, அவனுக்கு ஒரே சீரான சரக்கு வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1840இல் அமெரிக்காவிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்களையே வரவழைத்தது. அவர்களில் சிலர் சென்னை மாகாணத்துக்கு வந்தார்கள். கோயம்புத்தூரில் அந்தச் சோதனைப் பண்ணைகளை 1842 முதல் 1853 வரை கவனித்தவர் ராபர்ட் வைட், நம் நாட்டுச் செடிகளைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் எழுதிய தாவரவியலார். பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டும் கம்பெனி கனவு கண்ட அளவுக்கு அமெரிக்கப் பருத்தி இங்கே பரவவில்லை.

அதற்குப் பின் வந்தது வேறொரு சங்கடம். புளிச்சை என்று ஒரு மட்ட ரகப் பருத்தி வடக்கேயிருந்து கரிசலுக்குள் நுழைந்தது. அதை அரைத்தால் கொட்டை குறைவாகவும் பஞ்சு அதிகமாகவும் கிடைக்கும். ஆனால் இழை குட்டை. எடைக்கு எடை லாபம் என்பதால் அதைக் கலக்க ஆரம்பித்தார்கள், வெளிநாட்டில் "டின்னவெலி" என்ற பெயரே கெட ஆரம்பித்தது. கோவில்பட்டியில் 1901இல் அரசு விவசாயப் பண்ணை தொடங்கப்பட்டது. வேளாண் துறை நல்ல கருங்கண்ணி விதையைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்துப் புளிச்சையை விரட்டியது. அந்தப் பண்ணையிலிருந்துதான் பின்னாளில் கே-1, கே-2 என்று தொடங்கிக் கருங்கண்ணி ரகங்கள் வரிசையாக வந்தன.

ஏறத்தாழ அதே காலத்தில், 1904-05 வாக்கில், கம்போடியாப் பருத்தி வந்தது. கம்போடியா அப்போது பிரெஞ்சுக்காரர்களின் ஆதிக்கத்தில் இருந்த நாடு. எங்கள் புதுச்சேரியும் அதே கொடியின் கீழ் இருந்ததால் இந்தப் பருத்தியிடம் எனக்கு ஒரு தனிப் பாசம்! பெயர்தான் கம்போடியா, பூர்வீகம் அமெரிக்கா. கம்பெனி பத்து வருஷம் முயன்று நடவாததை இது சத்தமில்லாமல் செய்தது. கிணற்றுப் பாசனத்தில் செழித்தது. இழை நீளம். கோயம்புத்தூர் பஞ்சாலைகளின் வளர்ச்சிக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. இன்றும் "எம்.சி.யு." என்று தொடங்கும் பருத்தி ரகங்களில் நடுவே நிற்கும் "சி" இந்தக் கம்போடியாதான்.

கம்போடியாவோடு தொல்லையும் வந்தது. ஒரு பருவம் முடிந்தும் செடியைப் பிடுங்காமல் விட்டால் மறுபடி தழைத்து இன்னொரு காய்ப்பு தரும். விவசாயிக்கு அது செலவில்லாத வருமானம். தண்டு துளைக்கும் கூன்வண்டுக்கும் காய்ப்புழுவுக்கும் அது வருஷம் முழுக்க நடக்கும் அன்னதானம். 1919இல் சென்னை அரசு விவசாயப் பூச்சிகள், நோய்கள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் கீழ், குறிப்பிட்ட தேதிக்குள் கம்போடியாச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நிலத்தில் சில வாரமாவது பருத்தியே இருக்கக் கூடாது, பூச்சி பட்டினி கிடக்க வேண்டும். கோப்புகளோடு வாழ்க்கையைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அரசாங்கம் போட்ட புத்திசாலித்தனமான உத்தரவுகளில் அது ஒன்று.

இந்தக் கடற்கரைக்கு இந்த யோசனை புதிதல்ல. முத்துக்குளிப்பு அப்படித்தான் நடந்தது. கடலடியில் சிப்பி வளரும் மேடுகளைப் பார் என்பார்கள். நினைத்தபோது இறங்கிக் குளிக்க முடியாது. அரசு ஆட்கள் பாரைச் சோதிப்பார்கள், மாதிரிச் சிப்பி எடுத்து அறுத்துப் பார்ப்பார்கள், கிடைத்த முத்துக்கு மதிப்புப் போடுவார்கள். முற்றவில்லை என்றால் பாரை விட்டு வைப்பார்கள். வருஷக்கணக்கில் குளிப்பே இல்லாமல் போனதும் உண்டு. இவ்வளவு காபந்து செய்தும் சிப்பி பல சமயம் காணாமல் போனது, 1961ஆம் ஆண்டுக் குளிப்போடு அரசு முத்துக்குளிப்பு நின்றேபோனது. இருந்தாலும் விட்டு வைத்தால்தான் அடுத்தது என்ற எண்ணம் இங்கே பலருக்குப் பழகிப்போன ஒன்று.

இனி மரபணு விஷயத்துக்கு வருகிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் நாட்டு மில்களுக்கு நீள இழைப் பஞ்சு தேவைப்பட்டது. 1970இல் சூரத்தில் சி.டி. பட்டேல் உருவாக்கிய எச்-4, உலகில் வணிக முறையில் பயிரான முதல் வீரிய ஒட்டுப் பருத்தி. விளைச்சல் கூடியது. ஆனால் ஒட்டு ரகத்தின் கொட்டையை எடுத்து வைத்து மறு வருஷம் விதைத்தால் அதே குணம் வராது. ஆகவே வருஷா வருஷம் விதை வாங்க வேண்டும். கருங்கண்ணிக்காரன் அரைவை மில்லிலிருந்து கொட்டையைத் திருப்பி வாங்கி, சாணிப்பாலில் புரட்டி விதைத்தவன். அவன் கையிலிருந்து விதை நழுவியது மரபணு வருவதற்கு முப்பது வருஷம் முன்பே என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம்.

பி.டி. என்பது மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் பெயர்ச்சுருக்கம். ஜப்பானில் 1901இல் பட்டுப்புழு சாவதை ஆராய்ந்தபோது முதலில் கண்டார்கள். ஜெர்மனியின் தூரிங்கியா மாநிலத்தில் மறுபடி கண்டு அந்த ஊர்ப் பெயரை வைத்தார்கள். 1938இல் பிரான்சில் "ஸ்போரேயின்" என்ற பெயரில் பூச்சிமருந்தாகவே விற்பனைக்கு வந்தது. அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் ஒரு புரதம் சில வகைப் புழுக்களின் குடலைத் துளைத்துக் கொன்றுவிடும். பாக்டீரியாவில் அந்தப் புரதத்துக்குக் காரணமான மரபணுவைப் பருத்திக்குள் வைத்தால், செடியே மருந்தாகிவிடுகிறது. 2002 மார்ச்சில் மத்திய அரசு, மஹிகோ-மான்சாண்டோவின் மூன்று பி.டி. ஒட்டுப் பருத்திகளுக்கு அனுமதி கொடுத்தது. 2006இல் இரண்டு மரபணு கொண்ட போல்கார்டு-2 வந்தது.

ஆரம்பத்தில் 450 கிராம் பொட்டலம் சுமார் 1,600 ரூபாய். ஆந்திர அரசு சண்டை போட்ட பிறகு 2006இல் 750 ரூபாய்க்கு இறங்கியது. விலை எதுவானாலும் விவசாயிகள் வரிசையில் நின்று வாங்கினார்கள், அவர்களை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. காய்ப்புழுவுக்கு மருந்தடித்து மருந்தடித்துக் கடனாளியானவனுக்கு இது வரமாகத் தெரிந்தது. 2001-02இல் நாட்டின் விளைச்சல் சுமார் 158 லட்சம் பேல். 2013-14இல் 398 லட்சம் பேல். இதில் குஜராத்தின் பாசனம், உரம், புதிய நிலங்கள் இவற்றின் பங்கும் இருக்கிறது. அந்த மரபணுவால் பயனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது.

ஆனால் பத்தே வருஷத்தில் நாட்டின் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. ஆகிவிட்டது. ஆயிரத்துக்கும் அதிகமான பெயர்களில் ஒட்டு ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது. பொட்டலத்தின் மேல் படமும் பெயரும் வேறு வேறு, பெரும்பாலானவற்றின் உள்ளே இருந்தது அதே ஒன்றிரண்டு மரபணு. ஆயிரம் வீடு கட்டி எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி போட்டது போல. அந்த ஒரு சாவி திருடனுக்குக் கிடைத்தால் போதும்.

இந்த ஆபத்து விஞ்ஞானிகளுக்குத் தெரியாதது அல்ல. அதற்காகவே ஒரு நிபந்தனை வைத்தார்கள். பி.டி. வயலைச் சுற்றி ஐந்து வரிசையோ, மொத்தப் பரப்பில் 20 சதவீதமோ, எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி போட வேண்டும். அதற்கென்று 120 கிராம் சாதா விதை கூடவே கொடுத்தார்கள். அந்த வரிசைகளில் புழு சுகமாகத் தின்று வளரும். பி.டி. செடியைத் தின்றும் சாகாத அபூர்வப் புழு ஒன்று அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால், இந்தச் சாதா வரிசையிலிருந்து வரும் ஏராளமான அந்துப்பூச்சிகளில் ஒன்றோடுதான் கூடும். அதன் வாரிசுகள் பெரும்பாலும் மறுபடி பி.டி.க்குச் சாகும். எதிர்ப்புச் சக்தி பரம்பரையாக வேர் பிடிக்காது. 1919இல் புழுவைப் பட்டினி போட்டார்கள், 2002இல் புழுவுக்குச் சோறு போடச் சொன்னார்கள். வழி நேர் எதிர், ஆனால் இரண்டும் கேட்டது ஒன்றையே. நிலம் முழுவதையும், காலம் முழுவதையும் ஒரே செடிக்குக் கொடுக்காதே, கொஞ்சம் விட்டு வை.

ஓட்டப்பிடாரம் பக்கத்து விவசாயி ஒருவரிடம் நான் இதை விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏன் சார், புழு திங்கதுக்குன்னு அஞ்சு வரிசை விடச் சொல்லுதாங்க. புழுவுக்கும் சேத்து நான் குத்தகை கட்டணுமா?"

என்னிடம் பதில் இல்லை. சிறு விவசாயியின் கணக்கு அது. அவர் ஐந்து வரிசை விட்டு, பக்கத்துக்காரர் விடவில்லை என்றால், நஷ்டம் இவருக்கு, பலன் ஊருக்கு. நாடு முழுக்கப் பெரும்பாலோர் அந்தச் சின்னப் பொட்டலத்தை வரப்பில் வீசினார்கள். ஐந்து வரிசைக்கு நஷ்டஈடு யாரும் யோசிக்கவில்லை, வயலில் போய்ப் பார்க்கவும் ஆள் இல்லை. உத்தரவு போடுவது எளிது, அதன் செலவை யார் தலையில் வைக்கிறோம் என்று கோப்பில் ஒரு வரி எழுதுவதுதான் கடினம்.

அதன் பலன் சீக்கிரமே வந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள்ளேயே இருந்து விதையைத் தின்பது. 1843இல் இந்தியாவிலிருந்து போன மாதிரிகளை வைத்துத்தான் அதை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். நம் நாட்டுப் பழைய ஆசாமி. 2010இல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இந்தப் புழு முதல் மரபணுவை வென்றுவிட்டதாக விதை நிறுவனமே அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு மரபணுவும் பலிக்கவில்லை. நீண்ட நாள் நிற்கும் ஒட்டு ரகங்களும், பாசனத்தில் மாசி வரை பிடுங்காமல் விட்ட செடிகளும் புழுவுக்குத் தொடர்ந்து சோறு போட்டன. 1919ஆம் வருஷத்து உத்தரவை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 398 லட்சம் பேல் என்ற உச்சத்தை நாடு அதன்பின் எட்டவே இல்லை.

இதே புழு, இதே வகை மரபணு, அமெரிக்காவில் வேறு கதை. அங்கே சாதாப் பருத்தி வரிசைகளை ஒழுங்காக விட்டார்கள். பிறகு மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து தூவினார்கள். 2018இல் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்தது என்று அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது. ஆகவே குற்றவாளி மரபணு என்று மொட்டையாகத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பிரெஞ்சு படித்ததால் புர்கினா பாசோவின் கதையும் கண்ணில் பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு வழங்கும் ஏழை நாடு, பருத்தியை நம்பி இருப்பது. 2008 முதல் பி.டி. பருத்தியைப் பெரிய அளவில் போட்டார்கள். புழு குறைந்தது, விளைச்சல் கூடியது. ஆனால் இழை குட்டையாகிவிட்டது. உலகச் சந்தையில் புர்கினாப் பஞ்சுக்கு இருந்த நல்ல பெயர் சரிந்தது. 2016இல் கைவிட்டார்கள். படித்ததும் எனக்குப் புளிச்சைதான் நினைவுக்கு வந்தது. எடையில் லாபம், பெயரில் நஷ்டம். கரிசல் நூறு வருஷம் முன்பே கற்ற பாடம்.

மரபணுவைத் தொடாமலே ஒற்றைப் பயிர் விழும் என்பதற்குச் சாட்சி நம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிறது. கப்பாபைகஸ் என்ற கடற்பாசி பிலிப்பைன்ஸ் கடலுக்குச் சொந்தமானது. 1990களில் மண்டபத்தில் சோதனையாக வளர்த்து, 2000க்குப் பின் பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் மீனவப் பெண்கள் மிதவை கட்டி வளர்த்தார்கள். கையில் காசு பார்த்தார்கள், மறுக்க முடியாது. இதற்கு விதையே கிடையாது, ஒரு துண்டைக் கிள்ளிக் கட்டினால் வளரும். அதாவது கடல் முழுக்க ஒரே செடியின் துண்டுகள். குருசடைத் தீவருகே அது பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2013-14 வாக்கில் கடல் சூடாகியபோது வளர்த்த பாசி கூட்டம் கூட்டமாக மடிந்தது. எல்லாம் ஒரே ரத்தம் என்றால் தாங்குவதும் ஒன்றாக, சாவதும் ஒன்றாக.

இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆப்பிரிக்கப் பருத்தியும் அமெரிக்கப் பருத்தியும் கொள்கலன்களில் வந்து இறங்கி உள்நாட்டு மில்களுக்குப் போகின்றன. ஏற்றுமதிக்குப் பெயர் வாங்கிய துறையில் இறக்குமதி. கரிசலில் பருத்தி சுருங்கி மக்காச்சோளமும் உளுந்தும் பெருகிவிட்டன. கருங்கண்ணி சில கைகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் வட இந்தியாவில் அமெரிக்க இனப் பருத்தியை அழிக்கும் இலைச்சுருள் வைரஸ் கருங்கண்ணியின் இனத்தைத் தொடுவதில்லை. வறட்சியையும் அது தாங்கும். நாளைக்கு ஆராய்ச்சியாளர்கள் தேடப்போகும் குணங்கள் அந்தக் கொட்டைக்குள் இருக்கின்றன. கோவில்பட்டிப் பண்ணையும் நாட்டு விதை காக்கும் சில விவசாயிகளும் அதை வைத்திருப்பதால்தான் தேடினால் கிடைக்கும்.

நம் நாட்டில் 2001இல் ஒரு நல்ல சட்டம் வந்தது, பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், நிறுவனத்தின் பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம். காகிதத்தில் உரிமை பத்திரமாக இருக்கிறது. ஆனால் சேமிக்கத் தகுந்த விதை வயலில் இருந்தால்தானே அந்த உரிமைக்கு அர்த்தம்?

புதிய விதை வரட்டும், மரபணு விதையும் சோதித்துப் பார்த்து வரட்டும். என் கோரிக்கை ஒன்றுதான். எது வந்தாலும் அதற்கு முழு நிலத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். பழையதற்கு ஐந்து வரிசை ஒதுக்க வேண்டும், அந்த ஐந்து வரிசைக்கான குத்தகையை அரசாங்கமோ விதை விற்பவரோ கட்ட வேண்டும். ஓட்டப்பிடாரத்துக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. புழு தின்னும் அந்த வரிசையால் பிழைப்பது அவர் வயல் மட்டும் அல்ல, நம் எல்லோருடைய வேட்டியும்தான்.